மாட்டு டாக்டர் வந்த சனிக்கிழமை

சட்டையின் வலது கை மணிக்கட்டைத் தாண்டி ஏறவில்லை. பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். குளிப்பாட்டித் துடைத்த உடம்பைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்த ரெங்கசாமி, போதும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அது கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. ஐந்து வருஷத்தில் முருகையா அதை நாலைந்து தடவைதான் போட்டிருப்பான். இடது கை சுலபமாக நுழைந்துவிட்டது. வலது கை தோள்வரை வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கருநீலமாக மினுமினுத்தது.

"கத்தரி இருந்தா கொண்டாம்மா," என்றார் ரெங்கசாமி. மருமகளின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கங்கா எழுந்து உள்ளே போய்க் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வந்து கொடுத்தாள். அவர் மகனுடைய சட்டைக் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை தையலோடு வெட்டினார். துணி பிளக்கும் சத்தம் வாசலில் இருந்த பெண்களுக்குக் கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் சற்று நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்கினார்கள். வெட்டிய துணியைக் கையின்மேல் போர்த்தி, அதன்மேல் மாலையை இழுத்துவிட்டதும் பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளி, வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரன். மாட்டு டாக்டர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவரை யாரும் மாட்டுக்குள் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எம்புள்ள யாரு பேச்சையும் கேக்க மாட்டான். அந்தப் பொறவி அப்படி," என்று முடிப்பாள்.

கேட்டவர்கள் தலையசைத்தார்கள். கங்கா சிமெண்டுத் தரையில் இருந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவலை அவளோடு வந்த மாடு. கல்யாணம் ஆன மாதம் அவளுடைய அப்பா சுங்கை சோவிலிருந்து இரண்டு நாள் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து, கிடாரியாகக் கட்டிவிட்டுப் போனது. இரண்டு ஈற்று ஈன்றுவிட்டது. மூன்று வயது மகள் வளர்ந்ததே அதன் பாலில்தான். கங்காவையும் முருகையாவையும் தவிர வேறு யாரையும் அது பின்பக்கம் அண்டவிடாது. ரெங்கசாமியையே ஒருமுறை உதைத்துத் தள்ளியிருக்கிறது.

போன வருஷம், ஐம்பத்தொன்றில், ஆத்தங்கரை ரப்பர் தோட்டத்து மூன்று டிவிஷன் சனங்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி பருப்பு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மனிதர்களுக்குத்தான் வேலிக்குள் இடம் ஒதுக்கினார்கள். மாட்டுக் கொட்டகைகள் வெளியே நின்றுவிட்டன. மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதிக் கேட்டை மூடினால் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். இடையில் மாடு கத்தினால் கம்பிக்கு உள்ளே நின்று கேட்டுக்கொள்ளலாம்.

எட்டு மாதச் சினை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது செவலை தீனி எடுக்காமல் நின்றது. பின்பக்கம் சாக்கடை நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. வாடை அடித்தது. ரெங்கசாமி வந்து வயிற்றில் காதை வைத்தும் கையை அழுத்தியும் பார்த்துவிட்டு, கன்று உள்ளேயே செத்துவிட்டது என்றார். மாடு முக்கவே இல்லை. வெளியே தள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியாதது போல நின்றது.

தோட்டத்துக் கடைக்காரர் மஸ்தான், சரக்கு எடுக்க கோலா சிலாங்கூருக்குப் போகிறவர். திங்கட்கிழமை அவரே ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போய் மாட்டு டாக்டரிடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. சாலையில் ஒரு லோரியைக் கொளுத்தியிருக்கிறார்கள், போலீஸ் துணையில்லாமல் யாரையும் விடுவதில்லை, சனிக்கிழமைதான் அனுமதி கிடைக்கும் என்று.

புதன்கிழமை செவலை படுத்துவிட்டது. மதியம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு நேராகக் கொட்டகைக்கு வந்த முருகையா, அதன் காதைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அவனுடைய வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. காலையில் உளி வழுக்கி வெட்டிவிட்டதாகச் சொன்னான்.

"தொட வேணாம்னு சொல்லியிருக்காரு. சனிக்கிழம வரட்டும்," என்றான்.

"சனிக்கிழம வந்து தோலு உரிக்கவா?"

அவன் அப்பாவோடு சேர்ந்து இரண்டு தடவை கன்று இழுத்துப் பழகியவன்தான். அப்பாவுக்கு இப்போது விரல்கள் மடங்குவதில்லை.

"பயமா இருந்தா நகருங்க," என்றாள் கங்கா. "நான் கைய வுட்டுப் பாக்குறேன்."

முருகையா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விரலில் இருந்த துணியை அவிழ்த்தான். வெட்டு நகத்துக்குக் கீழே வாய் பிளந்து, வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சவுக்காரத்தையும் தேங்காயெண்ணெயையும் எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று மணி நேரம் ஆனது. கன்று முழுதாக வரவில்லை. கயிறு கட்டி இழுத்து இழுத்துப் பாகம் பாகமாக எடுத்தான். இரண்டு தடவை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். கடைசியில் தலையும் வந்துவிட்டது. சங்கு ஊதுவதற்கு முன்னால் செவலை முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று அரை வாளித் தண்ணீர் குடித்தது. குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்துவிட்டு இருவரும் கேட்டுக்கு ஓடினார்கள். வழியில் அவன், "மாட்டு டாக்டருக்கு வேல இல்லாம பண்ணிட்டோம்லா," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

வியாழக்கிழமை விரல் வீங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் பவுடர் போட்டுக் கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வீக்கம் தோள்வரை ஏறிவிட்டது. காய்ச்சலில் வாய் குழறியது. அன்று மதியம் அவன் தெளிவாகக் கேட்ட ஒரே கேள்வி மாட்டைப் பற்றித்தான்.

"நஞ்சு விழுந்துச்சா?"

கன்று வந்து இரண்டு நாளாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. ஒரு முழம் வெளியே தொங்கிக்கொண்டு ஈ மொய்த்தது. மாடு மறுபடி தீனியை நிறுத்தியிருந்தது.

"விழுந்துருச்சு. நேத்தே விழுந்துருச்சு," என்றாள் கங்கா.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மாலையில் டிரெஸர் பயந்துபோய், கோலா சிலாங்கூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றபோது கேட் மூடியாகிவிட்டது. ஆபீஸிலிருந்து போலீசுக்குப் போன் பண்ணினார்கள். காலையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒன்பது மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

இடுகாடும் வேலிக்கு வெளியேதான் இருந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் எடுத்துப் போய்த் திரும்பிவிட வேண்டும் என்று காவல் சார்ஜன் சொல்லிவிட்டார். மேளம் அடிக்கக் கூடாது. வாய்க்கரிசிக்கென்று ஒரு பிடி அரிசி கொண்டுபோகலாமா என்று ரெங்கசாமி நேரில் போய்க் கேட்டார். சார்ஜன் மலாயில், "பெராஸ் தாக் போலே," அரிசி கூடாது என்றார். அரிசி என்றால் ஒரு பிடியும் அரிசிதான். அதனால் வாய்க்கரிசியை வீட்டு வாசலிலேயே போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. சுங்கை சோவிலிருந்து கங்காவின் அண்ணன் கோடித்துணி கொண்டுவர வேண்டும். தந்தி அடித்திருந்தார்கள். அவன் வரும்வரை காத்திருந்தார்கள்.

பதினொன்றரை இருக்கும். மஸ்தான் வந்து வாசலில் நின்றார். காலையிலேயே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர். இப்போது உள்ளே வரத் தயங்கினார். பிறகு ரெங்கசாமியைத் தனியே கூப்பிட்டு மெல்லிய குரலில் பேசினார். மாட்டு டாக்டர் போலீஸ் ஜீப்பில் வந்து கொட்டகையில் நிற்கிறார். ஜீப் ஒரு மணிக்குத் திரும்பியாக வேண்டும். இந்தச் சாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. சொல்லத் தனக்கு வாய் வரவில்லை.

மெல்லிய குரல்தான். ஆனாலும் புஷ்பவள்ளிக்குக் கேட்டுவிட்டது.

"எம்புள்ளயத் தின்ன சனியனுக்கு வைத்தியமா? அது சாவட்டும்," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. மகனுடைய நெற்றியில் இருந்த விபூதியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

அந்த மாடு வேறு யாரையும் கிட்ட விடாது, வீட்டுக்காரர்கள் இல்லாமல் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ரெங்கசாமி மஸ்தானிடம் சொன்னார். மஸ்தான் சரியென்று திரும்பினார்.

கங்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போறேன் மாமா. அண்ணன் வர்றதுக்குள்ள வந்துருவேன்."

தாலி இன்னும் கழுத்தில் இருக்கிறது, புருஷன் வீட்டில் கிடக்கிறான், மாட்டைப் பார்க்கப் போகிறாள். பெண்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். ரெங்கசாமி மஸ்தானைப் பார்த்தார். "கூடப் போங்க பாய்," என்று மட்டும் சொன்னார். புஷ்பவள்ளி தலை நிமிரவில்லை.

டாக்டர் கனகலிங்கத்துக்கு நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டு, கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியோடு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். செவலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. டாக்டர் இரண்டு முறை கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு உதைக்குத் தப்பியிருந்தார்.

கங்கா பேசாமல் போய் மாட்டின் விலாவோடு சாய்ந்து நின்று வாலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தாள். மாடு அடங்கியது. ஈரத்தலையும் குங்குமம் கலைந்த நெற்றியுமாக இருந்த அவளை டாக்டர் பார்த்தார். கேட்க நினைத்ததைக் கேட்காமல், நேரத்தைப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

வாளித் தண்ணீரில் மருந்தைப் போட்டதும் அது கத்தரிப்பூ நிறமானது. பெட்டியிலிருந்து நீளமான ரப்பர் உறை ஒன்றை எடுத்துத் தோள்வரை மாட்டிக்கொண்டார். கங்கா அதைப் பார்த்தாள். தினமும் பால் வெட்டி ரப்பர் எடுக்கும் தோட்டத்தில், அப்படி ஒன்றை அவள் அதுவரை கண்டதில்லை.

"நஞ்சு உள்ளுக்கை ஒட்டிக்கொண்டு கிடக்குது," என்றார் கையை உள்ளே விட்டபடி. "சட்டைப் பொத்தான் கழட்டுற மாதிரி ஒவ்வொண்டாக் கழட்ட வேணும். அவசரப்பட்டு இழுத்தால் ரத்தம் போயிடும். வாலை விடாமல் பிடியும், பிள்ளை."

அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளே தடவிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் முகம் மாறியது.

"கண்டுக்குட்டியை எடுத்தது ஆர்?"

"எங்க வீட்டுக்காரரு."

"துப்புரவா எடுத்திருக்கிறார். ஒரு எலும்புத் துண்டும் மிச்சமில்லை. கருப்பையிலை ஒரு கீறல் இல்லை. எங்கடை ஆக்களே இப்பிடி எடுக்க மாட்டினம்." அவர் உண்மையாகவே வியந்துதான் சொன்னார். பிறகு, "வெறுங்கையோ?" என்று கேட்டார்.

"வெறுங்கைதான்."

"கையிலை காயம் கீயம் ஏதும் இருந்ததோ?"

கங்கா முகத்தை மாட்டின் விலாப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் அதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார். அழுகின கன்றின் விஷம் பொல்லாதது, சின்னக் கீறல் போதும், அதனால்தான் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன் என்றார். காயம் இருந்திருந்தால் அந்த ஆளை உடனே இங்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "என்ரை பெட்டியுக்கை பெனிசிலின் இருக்குது. மாட்டுக்கெண்டாலும் மனுசருக்கெண்டாலும் ஒரே மருந்துதான். பிந்தினால்தான் ஆபத்து."

"இருந்துச்சு," என்றாள் கங்கா.

"அப்ப வரச் சொல்லும்."

கேட் பக்கமிருந்து மஸ்தான் வேகமாக வந்தார். அவளைக் கொட்டகையில் விட்டுவிட்டு, அண்ணன் வந்துவிட்டானா என்று பார்க்கப் போனவர். மூச்சு வாங்கியது. சாலையில் எல்லாரையும் திருப்பி அனுப்புகிறார்களாம், அண்ணன் வர வழியில்லை என்று ஆபீஸுக்குத் தகவல் வந்திருக்கிறது. சார்ஜனும் நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்.

"தூக்கிட்டாங்க, தங்கச்சி," என்றார்.

"ஆரை?" என்றார் டாக்டர்.

கொட்டகைக்கும் செம்மண் சாலைக்கும் நடுவே நாற்பது அடி லாலான் புல்தான். கேட்டைத் தாண்டிப் பாடை வந்துகொண்டிருந்தது. முன்னால் ரெங்கசாமி. நாலு பேர் தோளில் தூக்கியிருந்தார்கள். பின்னால் இருபது முப்பது ஆண்கள். கடைசியில் சார்ஜனும் துப்பாக்கிக்காரர்களும். மேளம் இல்லாததால் கால்கள் மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. ஒருவன் கூடையிலிருந்து செம்பருத்தியையும் காகிதப்பூவையும் கிள்ளிக் கிள்ளி வழியில் போட்டுக்கொண்டு வந்தான்.

"அந்தா போறாரு, ஐயா," என்றாள் கங்கா.

டாக்டரின் வலது கை தோள்வரை மாட்டுக்குள் இருந்தது. எடுக்க முடியாது. இடது கையால் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மாட்டின் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மரத்தடியில் இருந்த போலீஸ்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"போம், பிள்ளை," என்றார் டாக்டர் மெதுவாக. "போய் அவரைப் பாரும்."

"இன்னும் எத்தன இருக்கு?"

"பத்துப் பன்ரண்டு பொத்தான்."

"வுட்டா?"

மஸ்தான், தான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி வாலுக்குக் கை நீட்டினார். செவலை பின்னங்காலை வீசியது. டாக்டர் மாட்டின் விலாவில் மோதிக்கொண்டு நிலைகுலைந்து, மறுபடி காலை ஊன்றினார். மஸ்தான் விலகிப்போனார். கங்கா வாலை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள்.

சாலையில் ரெங்கசாமி கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தினார். பாடை நின்றது. தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். சார்ஜன் முன்னால் வந்து ஏதோ கேட்டார். ரெங்கசாமி கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தூரத்திலும் மாலைக்குக் கீழே அந்த வெட்டிய சட்டைக் கை காற்றில் விலகியது கங்காவுக்குத் தெரிந்தது. யாரோ அதை எடுத்து உள்ளே செருகினார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரெங்கசாமி கையை இறக்கினார். பாடை நகர்ந்து, ரப்பர் மரங்களுக்கிடையில் வெள்ளையாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது.

கால்களின் சத்தமும் கேட்காமல் போன பிறகு கங்கா பேசினாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். அவரு சனிக்கிழம வரைக்கும் இருக்கலாம்னுதான் சொன்னாரு."

டாக்டர் குனிந்தபடியே வேலையைச் செய்தார். நெற்றி வியர்வை கண்ணாடியில் சொட்டியது.

"சனிக்கிழம வரைக்கும் மாடு தாங்கியிருக்குமா, ஐயா?"

"வாலை விடாதையும், பிள்ளை," என்றார் அவர்.

கடைசிப் பொத்தானும் கழன்று நஞ்சுக்கொடி முழுவதும் வெளியே வந்து வாளியில் விழுந்தது. டாக்டர் அதை விரித்துப் பார்த்து, எதுவும் உள்ளே தங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். கத்தரிப்பூ நிறத் தண்ணீரைக் குழாய் வைத்து உள்ளே செலுத்திக் கழுவினார். உறையைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். சின்னக் குப்பியில் வெள்ளைத் தூள் இருந்தது. ஊசியால் தண்ணீரை உள்ளே விட்டுக் குலுக்கினார். தூள் கரைந்து தெளிந்தது. மாட்டின் கழுத்தில் குத்தி மருந்தை முழுவதும் ஏற்றினார். கங்கா குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலிக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு மஸ்தானிடம்தான் பேசினார். மூன்று நாள் போனால் தெரியும். மாடு அசைபோட ஆரம்பித்துவிட்டால் பயமில்லை. நஞ்சை ஆழமாகப் புதைக்க வேண்டும். இனி யார் தொட்டாலும் இந்தச் சவுக்காரத்தால் கையைக் கழுவ வேண்டும் என்று சிவப்புக் கட்டி ஒன்றைத் தூணோரம் வைத்தார். போலீஸ்காரர்கள் ஜீப்பைக் கிளப்பினார்கள். ஏறப்போனவர் திரும்பி வந்து கங்காவின் முன்னால் நின்றார்.

"தாங்கியிராது," என்றார். "வியாழக்கிழமையே செத்திருக்கும்."

அவர் அதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறாரா, அவளுக்காகச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜீப் போய்விட்டது.

மஸ்தான் கூடவே வரச் சொல்லிப் பார்த்தார். வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவரை அனுப்பினாள். மண்வெட்டியை எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டினாள். இடுப்பளவு தோண்டி, வாளியைக் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மிதித்தாள். பிறகு கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். முழங்கைவரை ரத்தமும் மருந்தும் காய்ந்து இறுகியிருந்தன. வீட்டில் இந்நேரம் இடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தாள். எழவில்லை. செவலை நின்ற இடத்திலேயே நின்றது.

வெயில் சாய்ந்த பிறகு யாரோ வரும் சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி. கம்பிவேலி போட்ட நாளிலிருந்து அவள் கொட்டகைப் பக்கம் வந்ததே இல்லை. ஈரத்தலை முதுகில் கிடந்தது. இடுப்பில் ஒரு குடம் தண்ணீர். கங்கா பதறி எழுந்தாள்.

புஷ்பவள்ளி மாட்டைப் பார்க்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கங்காவின் கைகளைப் பிடித்து முன்னால் நீட்டினாள். தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். ஊதாவும் சிவப்புமாகக் கலந்து மண்ணில் ஓடியது. தூண் ஓரமாக இருந்த சிவப்புச் சவுக்காரத்தை எடுத்து முழங்கையிலிருந்து விரல்வரை தேய்த்தாள். மறுபடி ஊற்றினாள். குடம் காலியான பிறகு, தன் முந்தானையால் கைகளைத் துடைத்துவிட்டு, வெளிச்சம் இருந்த பக்கமாகத் திரும்பி நின்றாள். கங்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நகக்கண்ணையும் இடுக்கையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பத்து விரலையும் பார்த்தாள். கங்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"அத்தே..."

"வா," என்றாள் புஷ்பவள்ளி. "சங்கு ஊதிருவான்."

காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். கங்கா பின்னால் நடந்தாள். புல்லைக் கடந்து சாலைக்கு வந்தபோது, மதியம் போட்ட பூக்கள் கேட் வரைக்கும் கிடந்தன. செம்பருத்தி வாடிச் சுருண்டிருந்தது. காகிதப்பூ மட்டும் நிறம் மாறாமல் அங்கங்கே காற்றில் புரண்டது. புஷ்பவள்ளி சாலையின் ஓரமாக ஒதுங்கி நடந்தாள். அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்துக் கங்காவும் ஓரமாகவே நடந்தாள்.